நோர்டெல்: வாங்காதவர்கள் கையிலும் இருந்த பங்கு

2000 ஜூலை 26 அன்று டொராண்டோ பங்குச் சந்தையில் நோர்டெல் நெட்வொர்க்ஸ் பங்கு ஒன்றின் விலை 124 டாலர் 50 சென்ட். இரண்டே ஆண்டில் அது ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது. 2009 ஜனவரியில் நிறுவனம் தனக்குக் கடன் கொடுத்தவர்களிடமிருந்து பாதுகாப்பு கேட்டு நீதிமன்றப் படியேறியது, அதே ஆண்டு ஜூனில் பங்கு சந்தைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. பங்குதாரர்களுக்குக் கடைசியில் எதுவும் மிஞ்சவில்லை. கனடாவில் சேமிப்பு, முதலீடு என்று பேச ஆரம்பித்தாலே யாராவது இந்தக் கதையை எடுப்பார்கள், பெரும்பாலும் "பேராசைப்பட்டார்கள், தொலைத்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

அந்த ஒரு வரியை என்னால் ஏற்க முடியவில்லை. நோர்டெலில் பணத்தை விட்டவர்களில் மிகப் பலர் அந்தப் பங்கை வாங்கவேண்டும் என்று ஒருநாளும் முடிவெடுத்ததில்லை. டிவிடெண்ட் (பங்குதாரருக்கு நிறுவனம் தரும் லாபத்தொகை) வரும் என்று தொலைபேசி நிறுவனப் பங்கை வைத்திருந்த ஓய்வூதியர், "பரவலாகப் போடுகிறேன், ஆபத்து குறைவு" என்று, சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றி வாங்கும் இன்டெக்ஸ் ஃபண்டில் போட்ட ஆசிரியர், வங்கியில் மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டுக்குப் பணம் பிடிக்கச் சொன்ன குடும்பம், அந்த நிறுவனத்திலேயே வேலை பார்த்த பொறியாளர் என்று இவர்கள் எல்லாருடைய கணக்குக்குள்ளும் நோர்டெல் தானாக வந்து உட்கார்ந்தது. அது எந்தெந்த வழியாக வந்தது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. அந்த வழிகளில் சில இன்று அடைபட்டுவிட்டன, சில இன்னும் திறந்தேதான் இருக்கின்றன.

முதலில் நிறுவனம்

நோர்டெல் ஏதோ 1999-ல் முளைத்த இணைய நிறுவனம் அல்ல. பெல் தொலைபேசி நிறுவனத்துக்குக் கருவிகள் செய்து கொடுப்பதற்காக 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாண்ட்ரியலில் தொடங்கிய பட்டறைதான் அதன் வேர். 1895-ல் நார்தர்ன் எலெக்ட்ரிக், 1976-ல் நார்தர்ன் டெலிகாம், 1998-ல் பே நெட்வொர்க்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தை 9 பில்லியன் அமெரிக்க டாலர் அளவுக்கு வாங்கிய பிறகு நோர்டெல் நெட்வொர்க்ஸ். தலைமையகம் டொராண்டோவுக்குப் பக்கத்தில் பிராம்ப்டன், ஆராய்ச்சிக்கூடங்கள் ஒட்டாவாவில். தொலைபேசி இணைப்பகங்களை டிஜிட்டலுக்கு மாற்றியதில் உலகத்துக்கே முன்னால் நின்ற நிறுவனம் அது. 1990-களின் இறுதியில் கண்ணாடி இழை வழியாக ஒரு நொடிக்கு 10 கிகாபிட் அனுப்பும் கருவிகளில் போட்டியாளர்களை முந்தியிருந்தது. உச்சத்தில் உலகம் முழுக்க 94,500 பேர் அங்கே வேலை பார்த்தார்கள்.

இதை இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. உண்மையான பொருள், உண்மையான வாடிக்கையாளர்கள், நூறாண்டு வரலாறு என்று பாதுகாப்பான பங்குக்கு நாம் என்னென்ன அடையாளம் வைத்திருக்கிறோமோ அத்தனையும் இதற்கு இருந்தது. ஒட்டாவா மேற்கில் கனாட்டா பகுதியில் வீட்டு விலை ஏறியதற்கே இந்தத் துறைதான் காரணம் என்று மக்கள் பேசிக்கொண்ட காலம் அது. பெரியவர் ஒருவர் தன் பேரப்பிள்ளைக்கு இந்தப் பங்கை வாங்கி வைத்திருந்தால் அன்றைக்கு யாரும் அவரைச் சூதாடி என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

எப்படி உள்ளே வந்தது

முதல் வழி பிசிஇ. பெல் கனடாவின் தாய் நிறுவனம், கனடாவில் மிக அதிகம் பேர் கையில் இருந்த பங்கு. காலாண்டுக்கு ஒருமுறை டிவிடெண்ட் வரும், விலை பெரிதாக ஆடாது, அப்பா வாங்கியதைப் பிள்ளை வைத்திருப்பார். இந்த பிசிஇ கையில் நோர்டெலின் சுமார் 39 சதவீதப் பங்குகள் இருந்தன. 2000 மே மாதத்தில் அதில் பெரும்பகுதியை, அதாவது நோர்டெலின் சுமார் 35 சதவீதத்தை, பிசிஇ தன் பங்குதாரர்களுக்கே பிரித்துக் கொடுத்தது. தொலைபேசி நிறுவனத்தின் பங்கை வைத்திருந்தவருடைய கணக்கில் ஒருநாள் காலையில் நோர்டெலும் இருந்தது. உச்ச விலைக்கு இரண்டரை மாதம் இருந்தபோது இது நடந்தது.

வந்ததை விற்றிருக்கலாமே என்று கேட்கலாம், சிலர் விற்றார்கள். ஆனால் பல பத்தாண்டுகளாக வைத்திருந்தவர்களுக்கு அடக்க விலை மிகக் குறைவு, விற்றால் மூலதன ஆதாயத்தில் பெரும்பகுதி அந்த ஆண்டு வருமானத்தோடு சேரும். 2000 பிப்ரவரி வரை ஆதாயத்தில் நான்கில் மூன்று பங்கு வரிக்கு உட்பட்டது, பிறகு மூன்றில் இரண்டு, அக்டோபர் 18-லிருந்து பாதி. ஒரே ஆண்டில் இரண்டு தடவை விகிதம் இறங்கினால் "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்றுதான் யாருக்கும் தோன்றும். வரி மிச்சம் பிடிக்கப் பார்த்து முதலையே இழந்த கதை இப்படித்தான் ஆரம்பமாகும், இதை நான் பேராசை என்று சொல்லமாட்டேன்.

இரண்டாவது வழிதான் இந்த விவகாரத்தின் நடுப்புள்ளி, அதனால் இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம். அன்றைய கனடியச் சந்தையின் அளவுகோல் டிஎஸ்இ 300 குறியீடு, முந்நூறு நிறுவனங்கள் கொண்டது. முந்நூறு என்ற எண்ணைக் கேட்டவுடன் பணம் முந்நூறு இடத்தில் பரவியிருக்கிறது என்று மனம் நம்பிவிடுகிறது. ஆனால் அது சந்தை மதிப்பைப் பொறுத்து எடை போடும் குறியீடு, ஒரு நிறுவனத்தின் மதிப்பு ஏற ஏற அதன் எடையும் ஏறும், அதற்கு மேல்வரம்பு எதுவும் அப்போது கிடையாது. இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: கட்டுப்பாட்டுப் பங்குதாரர் ஒருவர் கையில் பெரிய தொகுதியாக இருக்கும் பங்குகளைக் குறியீடு தன் கணக்கில் சேர்க்காது. பிசிஇ கையில் இருந்தவரை அந்த 39 சதவீதம் கணக்கில் வரவில்லை, பிரித்துக் கொடுத்ததும் கணக்குக்குள் வந்துவிட்டது. குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுகளெல்லாம், விலை ஏற்கெனவே ஏறிக்கிடந்த நேரத்தில், மேலும் நோர்டெல் வாங்கவேண்டிய கட்டாயம். 2000 கோடையில் நோர்டெல் மட்டும் அந்தக் குறியீட்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

10,000 டாலரை "கனடா முழுக்கப் பரப்பிய" இன்டெக்ஸ் ஃபண்டில் போட்டவருக்கு 3,300 டாலருக்கும் மேல் ஒரே நிறுவனத்தில் இருந்தது. அவர் கையெழுத்திட்ட எந்தக் காகிதத்திலும் அந்தப் பெயர் இருந்திருக்காது.

இன்டெக்ஸ் ஃபண்ட் வேண்டாம், மேலாளர் பார்த்துப் பார்த்து வாங்கும் ஃபண்டில் போடுகிறேன் என்றவர்கள் கதை கொஞ்சம் வேறு. கனடிய விதிப்படி சாதாரண மியூச்சுவல் ஃபண்ட் ஒன்று தன் சொத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஒரே நிறுவனத்தின் பங்கை வாங்க முடியாது, குறியீட்டு ஃபண்டுகளுக்கு மட்டும் விலக்கு. நல்ல விதிதான். ஆனால் குறியீட்டில் ஒரு பங்கு 30 சதவீதத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும்போது, 10 சதவீதத்தோடு நிற்கும் மேலாளர் மாதாமாதம் குறியீட்டுக்குப் பின்னால் தெரிவார், பணம் போட்டவர்கள் "உங்களுக்கு எதற்குக் கட்டணம்" என்று கேட்பார்கள். அதனால் விலை அதிகம் என்று மனதில் பட்ட மேலாளர்கள்கூட விட்டுவிட முடியாமல் அனுமதித்த அளவுக்கு நிரப்பி வைத்தார்கள். வாங்க மறுத்து நின்றவர்கள் 2000-ன் முதல் பாதியில் வாங்கிக்கட்டிக்கொண்டதை நினைத்தால் அவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

மூன்றாவது வழி சட்டம். ஆர்ஆர்எஸ்பி என்னும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் போட்ட தொகைக்கு வருமான வரி விலக்கு உண்டு, அதற்குப் பதிலாக அரசு ஒரு நிபந்தனை வைத்திருந்தது: அதில் பெரும்பகுதி கனடிய முதலீடாகவே இருக்கவேண்டும். வெளிநாட்டுப் பங்கு 1990-களின் நடுவிலிருந்து 20 சதவீதம் வரைதான், 2000-ல் 25, 2001-ல் 30. இதைச் சுற்றிக்கொண்டு போகும் ஃபண்டுகள் இருந்தன, ஆனால் கட்டணம் கூடுதல், சாதாரண ஆளுக்கு அது இருப்பதே தெரியாது. உலகப் பங்குச் சந்தை மதிப்பில் கனடா ஏறத்தாழ 3 சதவீதம். ஒரு நாட்டின் மக்கள் தங்கள் முதுமைக்கான பணத்தில் முக்கால் பங்கை அந்த 3 சதவீதத்துக்குள் வைக்கவேண்டும் என்று சட்டம் சொல்லி, அந்தச் சந்தையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நிறுவனமாகவும் இருந்தால், தனிமனிதரின் பேராசையைக் குறை சொல்ல எவ்வளவு இடம் இருக்கிறது? அந்த வரம்பு 2005-ல்தான் முழுக்க எடுக்கப்பட்டது.

நான்காவது வழி வேலை. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

விழுந்த விதம்

2000 அக்டோபர் 24 மாலை, சந்தை மூடியபிறகு, மூன்றாம் காலாண்டுக் கணக்கு வந்தது. கண்ணாடி இழைக் கருவிகளின் விற்பனை எதிர்பார்த்த வேகத்தில் வளரவில்லை என்பதுதான் செய்தி. மறுநாள் பங்கு ஏறத்தாழ கால்வாசி விழுந்தது, டிஎஸ்இ 300 குறியீடு ஒரே நாளில் 840 புள்ளிகள், அதாவது 8 சதவீதம், சரிந்தது. வங்கியோ ரயில்வேயோ எண்ணெய் நிறுவனமோ அன்று எந்தத் தவறும் செய்யவில்லை, ஆனால் "கனடியச் சந்தை 8 சதவீதம் சரிவு" என்று செய்தி வந்தது. ஒரே பங்கு மூன்றில் ஒரு பங்காக இருந்தால் அதன் காய்ச்சல் நாட்டின் காய்ச்சலாகத்தான் பதிவாகும்.

2001 பிப்ரவரி 15 அன்று நிறுவனம் தன் கணிப்பைக் கடுமையாகக் குறைத்தது, மறுநாள் பங்கு மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. ஜூனில் ஒரே காலாண்டில் சுமார் 19 பில்லியன் அமெரிக்க டாலர் நஷ்டம் என்ற அறிவிப்பு. ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வெளியே அனுப்பப்பட்டு, கடைசியில் மூன்றில் இரண்டு பேர் போனார்கள். 2000 செப்டம்பரில் 398 பில்லியன் கனடிய டாலராக இருந்த சந்தை மதிப்பு 2002 ஆகஸ்டில் 5 பில்லியனுக்கும் கீழ்.

இந்தச் சரிவில் சாதாரண மக்களை அதிகம் காயப்படுத்தியது அது படிப்படியாக நடந்த விதம் என்று நினைக்கிறேன். ஒரே நாளில் பூஜ்யமாகியிருந்தால் கூடுதலாகப் போட யாருக்கும் பணம் இருந்திருக்காது. 124-லிருந்து 70-களுக்கு வந்தபோது மலிவு என்று பட்டது, 30-க்கு வந்தபோது இன்னும் மலிவு, 12-க்கு வந்தபோது இதற்குமேல் என்ன விழும் என்று பட்டது. 12-ல் வாங்கியவரும் ஒரு டாலருக்கு வந்தபோது 90 சதவீதத்துக்கும் மேல் இழந்தார். பழைய விலையை வைத்து மலிவு என்று சொல்வதில் இருக்கும் பிழை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரியாது: நிறுவனம் எவ்வளவு சம்பாதிக்கும் என்பதற்கும் அதன் பங்கு போன வருடம் என்ன விலை விற்றது என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அப்புறம் ஒரு எழுச்சியும் வந்தது. 2003-ல் மறுபடி லாபம் என்று அறிவிப்பு, 2004 தொடக்கத்தில் பங்கு பத்து டாலரைத் தாண்டியது. பலர் அப்போது திரும்ப உள்ளே வந்தார்கள். அந்தக் கணக்குகள் திருத்தப்படவேண்டியவை என்று தெரிந்து, 2004 ஏப்ரலில் தலைமை நிர்வாகி ஃப்ராங்க் டன்னும் நிதிப் பொறுப்பில் இருந்தவர்களும் நீக்கப்பட்டார்கள். அவர் உட்பட மூவர் மேல் குற்ற வழக்கு நடந்து, 2013 ஜனவரியில் ஒண்டாரியோ உயர் நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. வழக்கின் முடிவு அது. ஆனால் பங்குதாரர் தன் முடிவுக்கு ஆதாரமாக வைத்திருந்த எண்கள் மறுபடி மறுபடி மாறிக்கொண்டே இருந்தன என்பது வேறு விஷயம், அதில் சந்தேகமே இல்லை. 2006 டிசம்பரில் பத்துப் பங்கை ஒன்றாக்கினார்கள், அதனால் விலை பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

2009-க்குப் பிறகு நிறுவனம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. கம்பியில்லாத் தொடர்புப் பிரிவின் பெரும்பகுதி எரிக்சனுக்கு, அலுவலகத் தொலைபேசிப் பிரிவு அவாயாவுக்கு, கண்ணாடி இழைப் பிரிவு சியெனாவுக்கு. 2011-ல் காப்புரிமைகள் மட்டும் 4.5 பில்லியன் அமெரிக்க டாலருக்குப் போயின, வாங்கிய கூட்டணியில் ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் இருந்தன. பணத்தை யார் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கும் வழக்கு டொராண்டோவிலும் அமெரிக்காவின் டெலவேரிலும் ஒரே நேரத்தில் நடந்து 2016-ல்தான் உடன்பாட்டுக்கு வந்தது, இடையில் வழக்கறிஞர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் ஒரு பில்லியன் டாலருக்கும் மிக அதிகமாகக் கட்டணம் போனது. வரிசையில் பங்குதாரர் கடைசி ஆள், கடைசி ஆள் வரை பணம் வரவில்லை.

முன்பே தெரிந்திருக்குமா

பாதி தெரிந்திருக்கும். நோர்டெல் லாபம் என்று முன்னால் காட்டியது, வாங்கிய நிறுவனங்களுக்கான செலவுகளை ஒதுக்கிவிட்டுப் போட்ட கணக்கு. முறையான கணக்கியல்படி 2000-ஆம் ஆண்டு, சுமார் 30 பில்லியன் அமெரிக்க டாலர் விற்பனைக்கு, 3 பில்லியனுக்கும் மேல் நஷ்டம். வாங்கிய நிறுவனங்களுக்கோ பெரும்பாலும் தன் பங்குகளையே விலையாகக் கொடுத்தது: க்டெரா, க்ஸ்ராஸ், ஆல்டியான் என்று ஒவ்வொன்றும் பல பில்லியன். பங்கு விலை ஏறியிருக்கும்வரை அது சுலபமான பணம், விலை விழுந்தால் அந்த நிறுவனங்களுக்குக் கொடுத்த மதிப்பெல்லாம் புத்தகத்தில் நஷ்டமாக எழுதப்படவேண்டும். அந்த 19 பில்லியனில் பெரும்பகுதி அப்படி வந்ததுதான். கருவி வாங்கப் பணம் இல்லாத புதுத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு நோர்டெலே கடனும் கொடுத்தது. அவை விழுந்தபோது விற்பனையும் போனது, கடனும் போனது.

பகலில் வேலைக்குப் போய், மாலையில் பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப்போகும் ஒருவர் ஆண்டறிக்கையின் பின்குறிப்புகளில் இதைத் தோண்டியிருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதையே தொழிலாகச் செய்த ஆய்வாளர்களில் பலர்கூடக் கடைசிவரை வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் எந்த நிபுணத்துவமும் இல்லாமல் யாரும் பார்த்திருக்கக்கூடிய எண் ஒன்று இருந்தது, அதுதான் எடை. ஃபண்டின் முதல் பத்து நிறுவனங்கள் பட்டியலில் முதல் வரியில் 30-க்கு மேல் ஒரு எண் இருந்தால், நிறுவனம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்பு சொல்லத் தேவையில்லை, அந்த எண்ணே போதும்.

வேலையும் சேமிப்பும் ஒரே இடத்தில்

நான்காவது வழி என்று சொன்னேன். நோர்டெல் ஊழியர்களுக்குச் சம்பளத்தில் பிடித்துப் பங்கு வாங்கும் திட்டம் இருந்தது, பலருக்குப் பங்கு வாங்கும் உரிமைகளும் கிடைத்தன. ஓய்வூதியமும் நிறுவனத்தைச் சார்ந்தது, வீடு ஒட்டாவாவில் அதே துறையை நம்பிய பகுதியில். ஒரே நிறுவனம் தடுமாறியபோது சம்பளம், சேமிப்பு, ஓய்வூதியம், வீட்டின் மதிப்பு என்று நான்கும் ஒன்றாக ஆடின. குறியீட்டில் மூன்றில் ஒரு பங்கு என்பதை விட இது எத்தனையோ மடங்கு பெரிய குவிப்பு, ஆனால் எந்த முதலீட்டு அறிக்கையிலும் இது ஒரே வரியாக வராது.

2009-ல் பாதுகாப்பு கேட்டவுடன், ஏற்கெனவே வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்களுக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்த பணிநீக்கத் தொகை நின்றது, அவர்களும் நிறுவனத்திடமிருந்து பணம் வரவேண்டிய மற்றவர்களோடு வரிசையில் நின்றார்கள். ஓய்வூதிய நிதியில் பற்றாக்குறை. ஒண்டாரியோவில் வேலை பார்த்தவர்களுக்கு மாகாண உத்தரவாத நிதி மாதத்துக்கு முதல் 1,000 டாலர் வரை தாங்கியது, வேறு மாகாணத்தில் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. நீண்டகால உடல் இயலாமையில் இருந்த சுமார் 400 பேரின் உதவித்தொகை 2010 டிசம்பரோடு முடிந்தது. நோர்டெலை வெறும் பங்குச் சந்தைக் கதையாகச் சொல்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு மனம் அதிகம் நிற்பது இங்கேதான்.

குறியீடு என்ன ஆனது

இதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு ஒருபக்கமாகிவிடும். டிஎஸ்இ 300 குறியீடு 2000 செப்டம்பர் 1 அன்று 11,388 புள்ளிகளில் உச்சம் தொட்டு, 2002 அக்டோபரில் 5,700-ஐ ஒட்டி அடிமட்டம் வந்தது, சரியாகப் பாதி. தோராயமாக ஒரு கணக்குப் போடலாம்: மூன்றில் ஒரு பங்கு ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போனால் அதிலேயே 33 சதவீதம் காலி. மொத்தச் சரிவு 50 சதவீதம் என்றால் மீதி 17-ஐ மற்ற 67 சதவீதம் சேர்ந்து இழந்திருக்கிறது, அதாவது நோர்டெல் நீங்கலான கனடா கால்வாசி அளவுக்குத்தான் இறங்கியது. அது ஒரு சாதாரணக் கரடிச் சந்தை, அதாவது விலைகள் தொடர்ந்து இறங்கும் காலம்.

அந்தக் குறியீடு 2006 தொடக்கத்தில் பழைய உச்சத்தை மீண்டும் தாண்டிவிட்டது. வங்கிகளும் எண்ணெயும் சுரங்கங்களும் தூக்கிவிட்டன. உச்சத்தில் குறியீட்டு ஃபண்ட் வாங்கி, பயந்து விற்காமல், மாதாமாதம் போட்டுக்கொண்டே வந்தவருக்கு ஐந்தரை ஆண்டில் பணம் திரும்பியது, டிவிடெண்டைச் சேர்த்தால் அதற்கும் முன்பே. உச்சத்தில் நோர்டெலை மட்டும் வாங்கியவருக்கு அது நடக்கவே இல்லை. மோசமாக எடை ஏறிப்போன குறியீடுகூடத் தனிப்பங்கை விடத் தாங்கியது என்றால், ஒழுங்காகப் பரவிய ஒன்று எவ்வளவு தாங்கும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

அடைத்த வழிகளும் அடைக்காதவையும்

இந்த அனுபவத்தை ஒட்டி, ஒரு நிறுவனத்துக்கு 10 சதவீதம் என்று மேல்வரம்பு போட்ட குறியீடுகள் பரவலாகின. இன்று எக்ஸ்ஐசி என்ற இடிஎஃப் (பங்குபோலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்) பின்பற்றுவது அந்த வரம்பு உள்ளதைத்தான், பழமையான எக்ஸ்ஐயு பின்பற்றும் 60 நிறுவனக் குறியீட்டுக்கு அப்படி வரம்பில்லை. வெளிநாட்டு வரம்பு போய்விட்டது. உலகம் முழுக்கப் பரப்பும் விஇக்யூடி, எக்ஸ்இக்யூடி போன்ற இடிஎஃப்களில் கனடாவின் பங்கு கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்கிறது, ஆண்டுச் செலவு கால் சதவீதத்துக்கும் குறைவு. 2000-ல் வங்கிக் கிளையில் 2 சதவீதத்துக்கும் மேல் கட்டணம் கொடுத்துக் கிடைக்காத பரவல், இன்று கைபேசியிலேயே கிடைக்கிறது. சாதாரண கனடியச் சேமிப்பாளருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

ஆனால் நோர்டெல் இருந்த அந்த முதல் நாற்காலி காலியாகவே இருந்ததில்லை. பிளாக்பெர்ரி செய்த ரிசர்ச் இன் மோஷன் 2008-ல் 150 டாலரை ஒட்டிப் போய், 2012-ல் பத்து டாலருக்கும் கீழே வந்தது. மருந்து நிறுவனம் வேலியன்ட் 2015 ஜூலையில் ராயல் வங்கியைத் தாண்டி நாட்டின் மிக மதிப்புள்ள நிறுவனமானது, இரண்டு ஆண்டுக்குள் 90 சதவீதத்துக்கும் மேல் இழந்தது. ஷாப்பிஃபை 2020 மே மாதத்தில் அதே வங்கியைத் தாண்டியது, 2021 நவம்பர் உச்சத்திலிருந்து ஓராண்டுக்குள் சுமார் 80 சதவீதம் இறங்கியது, பிறகு ஏறவும் செய்தது. யார் ஏறுவார் யார் மறைவார் என்று அந்த நேரத்தில் தெரியாது என்பதற்கு ஷாப்பிஃபையே சாட்சி.

எனக்கு இன்றைக்குக் கூடுதல் கவலை வேறிடத்தில். கனடியக் குறியீட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிதித்துறை, அதில் பெரும்பகுதி ஒருசில வங்கிகள். ஒருவர் எக்ஸ்ஐசி வைத்திருப்பார், "டிவிடெண்ட் ஃபண்ட்" ஒன்றும் வைத்திருப்பார், தனியாக இரண்டு வங்கிப் பங்கும் வைத்திருப்பார், வேலையும் வங்கியில். ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் நம் ஆட்களில் இப்படி இருக்கும் குடும்பங்கள் எத்தனையோ, மூன்று நான்கு பெயர்களில் இருப்பதால் பரவியிருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறார்கள். வங்கிகள் நோர்டெல் ஆகும் என்று நான் சொல்லவில்லை, அவற்றின் சம்பாத்தியம் உண்மையானது. ஆனால் எல்லாம் கனடிய வீட்டுக்கடனைத்தான் நம்பியிருக்கின்றன, வீடும் உங்களுடையதே. பிசிஇ-யையும் பாருங்கள், தாத்தா காலத்துப் பாதுகாப்புப் பங்கு: 2025 மே மாதத்தில் ஆண்டு டிவிடெண்டை 3.99 டாலரிலிருந்து 1.75-க்கு வெட்டியது.

பார்க்கும் முறை கடினமில்லை, ஒரு மாலை நேரம் போதும். ஒவ்வொரு ஃபண்டின் பக்கத்திலும் முதல் பத்து நிறுவனங்கள் சதவீதத்தோடு இருக்கும், அதை உங்கள் தொகையால் பெருக்கி, ஒரே பெயர் வரும் இடமெல்லாம் கூட்டுங்கள், வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனம் மொத்தத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் அது யார் என்று பார்க்காமலே குறைப்பேன். நிறுவனம் தள்ளுபடியில் தரும் ஊழியர் பங்கை வாங்கவேண்டாம் என்று சொல்லமாட்டேன், தள்ளுபடி இலவசப் பணம், ஆனால் விற்க அனுமதி வந்ததும் விற்று வேறிடத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

இன்னொன்று, எந்தக் கணக்கில் வைத்திருக்கிறீர்கள் என்பது. சாதாரணக் கணக்கில் பங்கு விழுந்தால் நஷ்டத்தை வேறு பங்கின் ஆதாயத்தோடு கழிக்கலாம், மூன்று ஆண்டு பின்னோக்கியும், முன்னோக்கி எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். விற்று நஷ்டம் காட்டிவிட்டு முப்பது நாளுக்குள் அதையே திரும்ப வாங்கி வைத்துக்கொண்டால் மட்டும் அந்த நஷ்டம் உடனே செல்லாது. நிறுவனம் திவாலாகி விற்கவே முடியாத பங்குக்கும் அந்த ஆண்டு வரிப் படிவத்தோடு, அதை விற்றதாகவே கருதும்படி எழுதிக்கொடுத்து நஷ்டம் கோர வழி இருக்கிறது. ஆர்ஆர்எஸ்பி-க்குள் நோர்டெல் வைத்திருந்தவர்களுக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை, அந்தக் கணக்குக்குள் நடக்கும் நஷ்டம் வரிக்கு நஷ்டமே இல்லை. 2009-ல் வந்த டிஎஃப்எஸ்ஏ என்னும் வரியில்லாச் சேமிப்புக் கணக்கிலும் அப்படித்தான், கூடவே போட அனுமதித்த இடமும் போய்விடும்: 7,000 டாலர் போட்டு அது 500 ஆகி, அந்த 500-ஐ வெளியே எடுத்தால், அடுத்த ஜனவரியில் திரும்பக் கிடைக்கும் இடம் 500 மட்டுமே. மீதி 6,500-க்கான இடம் வாழ்நாளுக்கும் திரும்ப வராது.